திருப்பிப் போட வேண்டாம்

உலகேஸ்வரி போனில் கேக்கா:
"மைனி, உங்க வீட்ல இருக்கே,
ரெண்டு பக்கமும் சூடாவுற அந்த கிரில்லு,
வாங்கினா பிரயோசனம் உண்டா?"

பொய் சொல்ல மாட்டேன் உலகு.
தோசைக்கு ஆவாது.
கொழுப்பு வடியட்டும்னு
தட்டை முன்பக்கம் சரிச்சுச் செஞ்சிருக்கான்.
முதல் நாள் ஊத்தின மாவு
நேரா வழிஞ்சு கீழே இருந்த குட்டித் தட்டுல போய்
உக்காந்து என்னையப் பார்த்துச்சு.
முட்டையும் அதே வழிதான் போச்சு.

சொதி வைக்கத் தெரியாது அதுக்கு.
கூட்டாஞ்சோறு தெரியாது.
தாளிக்கத் தெரியாத சாமானை
அடுப்புன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை.

ஆனா மிஞ்சின இட்லி இருக்கு பாரு,
நாலை வெச்சு, நல்லெண்ணெய் தடவி, பொடி தூவி
மூடியை அமுக்கு.
அஞ்சு நிமிசம்.
வரி வரியாக் கோடு விழுந்து
வெளியே மொறுமொறுன்னு, உள்ளே பஞ்சு.
உங்கண்ணன் அதை இட்லின்னு ஒத்துக்கிடலை.
ஏழு தின்னாரு.

வெள்ளைக் கத்தரிக்காயை வட்டமா அரிஞ்சு வை, வேகும்.
சோளக்கதிரு வேண்டாம், மூடி ஊஞ்சலாடும்.
அயிலை மீனு அருமை,
ஆனா மறுநாள் காலைல ரொட்டி வெச்சா
ரொட்டி உவரிக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்.

கழுவுறதுதான் சீவன் போற வேலை.
தட்டு கழண்டு வராத மாடலை வாங்கிராத.
நான் வாங்கினது அதுதான்,
வண்ணார்பேட்டைல, ஆடித் தள்ளுபடியில,
எரநூறு ரூவா குறையுதேன்னு.
பழைய பல் பிரஷ்ஷை வெச்சு
ஒவ்வொரு வரியா ஓட்டணும், சூடு ஆறும் முன்னே.
முதல் மாசம் ரெண்டு விரல்ல கொப்புளம்.

மேடையில எடமும் பிடிக்கும்.
மிக்ஸி, கிரைண்டர், இண்டக்ஷன், இது,
நாலுக்கும் ஒரே ப்ளக்குல சண்டை.
மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு
கரண்டை நிப்பாட்டுவான்லா,
அன்னைக்கு அது வெறும் கனத்த பெட்டி.
கத்திரி வெயில்ல மட்டும் ஒரு சுகம்:
வெச்சு மூடிட்டு
பேனுக்கு அடியில போய் நிக்கலாம்.

நாலு பேரு உள்ள வீட்டுக்கு இது தாங்காது.
ஈட்டுக்கு நாலு இட்லி.
கடைசி ஆளுக்கு எடுக்கும்போது
முதல் ஆளுக்குத் திரும்பப் பசிச்சிரும்.
நீ எத்தனை பேருக்குப் பாக்க?

"ஒரு ஆளுக்கு, மைனி."

கொஞ்ச நேரம் லைன்ல பஸ் சத்தம் மட்டும்.

பேட்டையில மாடி ரூம் பார்த்திருக்காளாம்.
கேஸ் அடுப்பு கூடாதுங்காராம் வீட்டுக்காரர்.
தனி மீட்டர், யூனிட்டுக்குப் பத்து ரூவா.
ஒண்ணாந்தேதி வாராளாம்.
வள்ளியூர் வீட்டுச் சாவியை
டிவி மேல வெச்சாச்சாம்.
அவர் பேரை அவ எடுக்கலை.
நானும் கேக்கலை.

வேற என்ன பேசன்னு தெரியாம
சத்தமாக் கணக்குப் போட்டேன்:
ஆயிரம் வாட்டு, ஆறு நிமிசம்,
பத்துல ஒரு யூனிட்டு.
ஒரு ரூவாயில ஒரு வேளை முடிஞ்சிரும் உலகு.

"அப்போ பிரயோசனம்தான்"ங்கா.
சிரிச்சாளா என்னன்னு
பஸ் இரைச்சல்ல பிடிபடலை.

நீ வாங்காத.
என்னோடதைக் கொண்டாரேன் ஞாயித்துக்கிழமை,
பேட்டை பஸ்ல மடியில வெச்சு.
எலுமிச்சைத் தோலால தேய்ச்சிருக்கேன்,
அயிலை வாடை முழுசாப் போவாது.
மூடியோட பிடி கொஞ்சம் லூசு,
இடது கையால தாங்கிக்கோ.
ரெண்டு பக்கமும் ஒரே நேரம் வெந்திரும்,
நடுவுல திருப்பிப் போட வேண்டாம்.
பிரஷ்ஷையும் கூடவே வெச்சிருக்கேன்.

திங்கக்கிழமை காலைல உங்கண்ணன் கேப்பாரு,
கோடு போட்ட இட்லி எங்கன்னு.
அப்போ சொல்லிக்கிடுதேன்
எல்லாத்தையும்.